பென்சிலில் எழுதிய ஐம்பத்தெட்டு

1. முதல் நாள்

ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை எண்ணுவது. மரபியலில் ஏதோ பெரிதாகக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று சுரண்டையிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தென்காசி வந்து சேர்ந்தவள் நான். என் கையில் ஒரு ஸ்லைடையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, "எண்ணும்மா" என்றார் பெரிய சார்.

பெரிய சார் என் கைடு. தாவரவியல் துறைத் தலைவர். கல்லூரியில் அவரைவிட வயதில் மூத்தவர்கள், உயரமானவர்கள், அதிகம் படித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனாலும் அவர்தான் பெரிய சார்.

நான் எண்ண வேண்டியது ஒரு பெரணிச் செடியின் குரோமோசோம்களை. குற்றாலத்தில் அருவிச் சாரல் படும் பாறை இடுக்குகளில் அந்தச் சிறு பெரணி வளரும். குளிக்க வருகிறவர்கள் அதன்மேல் ஈரத் துண்டைக் காயப் போடுவார்கள். அதற்குப் பூ கிடையாது, காய் கிடையாது, பறித்து விற்கவும் முடியாது. எங்கள் துறைக்குச் சோறு போட்டது அதுதான்.

வேலை முறை இது. காலை பத்து மணி வாக்கில் வேர்நுனியை வெட்டி எடுக்க வேண்டும். செல்கள் மும்முரமாகப் பிரியும் நேரம் அது. செல் கெடாமல் வைக்கும் பிக்சேடிவ் திரவத்தில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பால் மூடி, மேலே பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இதற்கு ஸ்குவாஷ் என்று பெயர். அழுத்தினால்தான் செல் தட்டையாகி, குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரவும். அழுத்தம் குறைந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கூடினால் பிய்ந்துவிடும். எங்கள் தொழிலில் படிப்பு பாதி, கட்டைவிரல் பாதி.

ஆய்வகத்தில் ஒரு சட்டம் இருந்தது. எண்ணிய எண்ணிக்கையை நோட்டில் முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும். பெரிய சார் பார்த்துத் தலையாட்டினால் அதன்மேல் பேனாவால் எழுதலாம். தலையாட்டாவிட்டால் ரப்பர்.

மூன்று மணி நேரம் எண்ணினேன். ஐந்து முறை எண்ணினேன். ஐந்து முறையும் ஐம்பத்தெட்டு வந்தது. பென்சிலில் எழுதிக்கொண்டு போய் நின்றேன்.

"எத்தனம்மா?"

"அம்பத்தெட்டு சார்."

அவர் கோபப்படவில்லை. பிள்ளை மழலையில் பேசியதுபோல் சிரித்தார். "அது மத்த ஊருப் பெரணிக்கு. நம்ம குத்தாலத்துப் பெரணிக்கு அறுபது. போ, புதுசா ஒரு ஸ்லைடு போட்டு, இன்னும் கொஞ்சம் நல்லா அழுத்திப் பாரு."

அழுத்தினேன். நகம் வெளுக்கும்வரை அழுத்தினேன். அறுபது வந்தது. அவர் தலையாட்டினார். ரப்பரால் ஐம்பத்தெட்டை அழித்துவிட்டுப் பேனாவால் அறுபது என்று எழுதினேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முதல் நாளே வேலை பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2. இரண்டு கூடிய கதை

இந்த அறுபதின் பெருமையைச் சொல்ல வேண்டும். இதே பெரணிக்கு மற்ற ஊர்களில் எண்ணியவர்கள் எல்லோரும் ஐம்பத்தெட்டு என்றே எழுதியிருந்தார்கள். குற்றாலத்தில் எண்ணிய பெரிய சாருக்கு மட்டும் அறுபது கிடைத்தது. சாதாரண ஆளாக இருந்தால் மறுபடி எண்ணியிருப்பார். அவர் கோட்பாடு எழுதினார். ஒரு ஜோடி குரோமோசோம் நடுவில் ஒடிந்து இரண்டு ஜோடியாகிவிட்டது, மலை மடிப்பில் தனித்துக் கிடந்ததால் இந்தச் செடியின் மரபுத் தொகுதியான ஜீனோம் நம் கண் முன்னாலேயே புதுப் பாதையில் பரிணமிக்கிறது என்பது அதன் சாரம்.

ஊருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. உள்ளூர்ச் செய்தியில் வந்தது. ரோட்டரிக்காரர்கள் சால்வை போர்த்தினார்கள். சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிற ஒருவர், வேர் சேகரிக்கப் போன எங்களை நிறுத்திக் கேட்டார்.

"சார், நம்ம தண்ணியில நின்ன செடிக்கு ரெண்டு கூடிட்டுன்னு பேசிக்கிடுதாவ. நாங்க சின்ன வயசுலேந்து இதே தண்ணியிலதான குளிக்கோம். எங்களுக்கும் கூடியிருக்குமா?"

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு" என்றார் பெரிய சார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

கோட்பாட்டுக்கு உள்ளூரில் ஒரே ஓர் எதிரி இருந்தார். அவர் மாடசாமி அண்ணாச்சி, எங்கள் லேப் அசிஸ்டென்ட். கல்லூரி வேலைக்கு வருமுன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்கியவர். அப்படிப்பட்ட கையால் அவர் ஸ்குவாஷ் போட்டால் கவர்ஸ்லிப்புக்கே தெரியாது, அத்தனை பதமாக இருக்கும். அவர் ஸ்லைடில் குரோமோசோம்கள் கோலப்புள்ளிபோல் பரவி நிற்கும். ஆனால் எண்ணினால் எப்போதும் ஐம்பத்தெட்டு. ஆகவே ஆய்வேட்டு வேலைக்கு அவர் ஸ்லைடு போடக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. காரணமாகப் பெரிய சார் சொன்னது, "மாடசாமிக்கு விரல்ல பலம் பத்தாது."

மூட்டை தூக்கிய அண்ணாச்சி அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பீக்கர் கழுவினார்.

என் ஆய்வுத் தலைப்பு, அந்தக் கூடுதல் ஜோடி எப்படி உண்டானது என்பது. நான்கு வருடம் உழைத்தேன். இருநூறு ஸ்லைடுக்கு மேல் போட்டேன். மெதுவாக அழுத்தியவற்றில் ஐம்பத்தெட்டு, ஓங்கி அழுத்தியவற்றில் அறுபது. ஐம்பத்தெட்டு வந்ததெல்லாம் டெக்னிக்கல் எரர் என்று ஒரு டப்பாவில் போட்டு மூடச் சொன்னார் சார். டப்பா ஆறு ஆனது. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் ஸ்டைபண்டு வந்துகொண்டிருந்தது, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பட்டம் வாங்கினால்தான் லெக்சரர் வேலை. சந்தேகத்தையும் ஏழாவது டப்பாவில் போட்டேன்.

3. ஆனி மாதத்து வைவா

எல்லாக் கல்லூரிகளும் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வாகிய வைவாவுக்கு வெளித்தேர்வாளர் கிடைக்காமல் அல்லாடும். எங்களுக்கு அந்தக் கஷ்டமே வந்ததில்லை. எங்கள் கல்லூரியில் வைவா, இன்ஸ்பெக்‌ஷன், கருத்தரங்கு எல்லாமே ஆனி, ஆடியில்தான் நடக்கும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியது என்று செய்தி வந்ததும் நாலா பக்கமிருந்தும் பேராசிரியர்கள் போன் பண்ணுவார்கள். "உங்க ஸ்டூடன்ட் தீசிஸ் ஏதும் ரெடியா இருக்கா?" என்று அத்தனை அக்கறையாக விசாரிப்பார்கள். பங்குனியில் முடித்த ஆய்வேட்டைக்கூட ஆனிவரை ஊறப்போடுவது எங்கள் வழக்கம்.

என் வைவாவுக்கு வந்தவர் பெரிய பெயர் உள்ளவர். நான் பயந்து நடுங்கிக்கொண்டு போனேன். அவர் தலையில் எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கோட்டு நாற்காலியில் தொங்கியது. என் ஆய்வேடு மேஜைமேல் இருந்தது. கடையில் பைண்டு பண்ணி வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

நான் பேசி முடித்தேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். பேரருவியில் கூட்டம் எப்படி? ஐந்தருவிக்கு வண்டி உள்ளேவரை போகுமா? பரோட்டாவுக்கு எந்தக் கடை? மூன்றுக்கும் நான் சரியாகப் பதில் சொன்னேன். இருபது நிமிடத்தில் டாக்டரானேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். யாராவது ஒருவர் அந்த உறையைப் பிரித்திருக்கக் கூடாதா என்று அன்று மத்தியானம் பஸ்ஸில் போகும்போது நினைத்தேன். சுரண்டை வருவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

அதே துறையில் வேலை கிடைத்தது. அந்தக் கூடுதல் ஜோடியைப் பற்றியே கட்டுரை மேல் கட்டுரை எழுதினேன். ஒடிந்த இடம் எது, எதனால் ஒடிந்தது, ஒடிந்ததால் செடிக்கு என்ன நன்மை என்று எல்லாம் எழுதினேன். ஒடிந்ததா என்பதை மட்டும் எழுதவில்லை. பெரிய சார் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் என்னைப் பெரிய மேம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

4. ஷமீமா

என் கடைசி மாணவி ஷமீமா. கடையநல்லூர்ப் பெண். அப்பா வளைகுடாவில் வேலை. குறைவாகப் பேசுவாள், பேசினால் அதை மாற்ற முடியாது.

சேர்ந்த முதல் வாரம் அவள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஐம்பத்தெட்டு என்று பேனாவிலேயே எழுதியிருந்தாள்.

"என்னட்டி இது, பென்சில்ல எழுதணும்னு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க மேம். நான் எண்ணி முடிச்சிட்டேன், அதான் பேனாவுல எழுதிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் நல்லா அழுத்திப் பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாம் வருடம் அவள் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரம் தங்கி ஃபிஷ் செய்துகொண்டு வந்தாள். ஃபிஷ் என்பது ப்ரோப் என்ற ஒளிரும் துண்டை ஒட்டவைத்து, குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் காட்டும் முறை. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டாள்.

"மேம், இந்த ரெண்டும் தனிக் குரோமோசோம் இல்ல. இங்கன பாருங்க, இழை ஓடுது."

பார்த்தேன். எங்கள் புகழ்பெற்ற கூடுதல் ஜோடி, வேறொரு ஜோடிக் குரோமோசோமின் நுனியில் மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்த சிறு துண்டுகள்தான். சட்டைப் பட்டன் நூலில் தொங்குமே, அதுபோல. சாட்டிலைட் என்று முதல் வருட மாணவருக்கே பாடம் உண்டு. அந்த இழையில் சாதாரணச் சாயம் சரியாக ஏறாது. ஓங்கி அழுத்தினால் இழை நீண்டு மறைந்துவிடும், துண்டு தனியாகப் போய் நிற்கும். ஜோடிக்கு இரண்டு துண்டு. ஐம்பத்தெட்டும் இரண்டும் அறுபது. குற்றாலத்துப் பெரணியின் ஜீனோம் எந்தப் புதுப் பாதையிலும் போகவில்லை. எங்கள் துறையின் கட்டைவிரல்தான் போயிருந்தது. வெளியூர்க்காரர் யாராவது வந்து எண்ணிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். வந்தவர்கள் எல்லாம் குளித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பயம் வந்தது. வேறு அழகான பெயர் அதற்கு இல்லை. என் பட்டம், பதவி உயர்வு, அலமாரியில் நிற்கும் ஷீல்டுகள் எல்லாம் அந்த இரண்டு துண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது.

"ப்ரோப் சரியா ஒட்டியிருக்காது" என்றேன். "தீசிஸ்ல அறுபதுன்னே எழுது. நான் ரிட்டயர் ஆன பொறவு நீ தனியா ஒரு பேப்பர் போட்டுக்க."

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை மூடினாள். அவளுடைய நிலைமை எனக்குத் தெரியும். வருகிற ஆடியில் அவளுக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ இருந்தது, கையில் பட்டம் இல்லாமல் போக முடியாது. கைடு கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

"எழுத்துல நீங்க சொன்னதப் போடுதேன் மேம். ஆனா டேபிள்ல நான் எண்ணுனதத்தான் போடுவேன். அத மாத்த மாட்டேன்."

சரி என்றேன். சீசனில் வருகிற தேர்வாளர் அட்டவணையையா பார்க்கப் போகிறார்? ஆனி மாதத்தில் நல்ல தேதியாகப் பார்த்து வைவாவை வைத்தேன்.

5. குளிக்கத் தடை

தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மனைவி மக்களோடு வந்தார். லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்திருந்தோம். வைவா மத்தியானம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் அவர் குடும்பத்தோடு அருவிக்குப் போய்வர ஒரு காரும் ஏற்பாடு செய்திருந்தேன்.

அன்று காலை மலையில் கொட்டிய மழையில் அருவி செம்மண் நிறத்தில் வந்தது. சைரன் ஊதிவிட்டார்கள். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றார். நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன்.

"சார், வெளியூர் புரொபசர். ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா நின்னு குளிச்சிட்டு வந்துருவாவ."

"மேடம், கல்லும் கட்டையுமா உருண்டு வருது. புரொபசர்னா கல்லு வெலகியா போவும்?"

தேர்வாளர் திரும்பி லாட்ஜுக்குப் போனார். டி.வி. இல்லை, கரண்டும் இல்லை. பிள்ளைகள் சிணுங்கினார்கள். படிப்பதற்கு அந்த அறையில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையை அவர் பிரித்தார்.

இரண்டு மணிக்கு அரங்குக்கு வந்தபோது ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. என் இருபத்தேழு வருட சர்வீஸில் மஞ்சள் சீட்டோடு ஓர் ஆய்வேட்டை எங்கள் கல்லூரி பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் லேபுக்கு வந்துகொண்டிருந்த மாடசாமி அண்ணாச்சி தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முன் வரிசையில் ஷமீமாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். மகள் டாக்டராவதைப் பார்க்க லீவு போட்டு வந்தவர். காலடியில் பேரீச்சம்பழப் பெட்டிகள். எல்லோருக்கும் கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது.

ஷமீமா பேசி முடித்தாள். தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நல்லா வேலை செஞ்சிருக்கீங்கம்மா. ஒரே ஒரு சந்தேகமுங்க. டேபிள்ல பாத்தா பெரும்பாலான செல்லுல அம்பத்தெட்டுன்னு இருக்குது. எழுத்துல எல்லா இடத்துலயும் அறுபதுன்னு இருக்குது. பின்னிணைப்புல இருக்கற படமும் அம்பத்தெட்டைத்தான் காட்டுது. நீங்க எண்ணுனதை நீங்களே நம்பலீங்களா?"

ஷமீமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

"பதில் இல்லாம நான் எப்படீங்க பாஸ் போடறது? இது அடிப்படை விஷயம்."

முன் வரிசையில் அவள் அப்பா மெதுவாக எழுந்து என் பக்கம் குனிந்தார். "மேடம், எம் புள்ள ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. தேர்வாளரின் கேள்விக்கு நூறு சமாளிப்பு வைத்திருந்தேன். சாயம், ப்ரோப், சீதோஷ்ணம் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இவரிடம் அதில் ஒன்றும் செல்லாது.

"இல்லங்க. அவ சரியாத்தான் எண்ணியிருக்கா" என்றேன். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அறுபதுன்னு எழுதச் சொன்னது நான். அவ முடியாதுன்னுதான் சொன்னா. இந்தச் செடிக்கு அம்பத்தெட்டுதான். நான் எழுதின அத்தனை பேப்பரும் தப்பு. எனக்கு இது இவ சொல்லுததுக்கு முன்னாலயே, ஸ்டூடன்டா இருந்த காலத்துலயே சந்தேகம் உண்டு."

கல்லூரி முதல்வர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தேர்வாளர் ஆய்வேட்டை மூடி என் பக்கம் நீட்டினார்.

"அப்படீன்னா எழுத்தைத் திருத்திக் கொடுங்க. இன்னைக்கே. திருத்தினதும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அறுபது என்ற எண் நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. கோட்பாடு பற்றிய அத்தியாயம் ஒன்று முழுதாகப் போனது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் கையெழுத்துப் போட்டார். ஷமீமாவின் அப்பா பேரீச்சம்பழப் பெட்டிகளைப் பிரித்து, எனக்கும் இரண்டு பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

6. பேனா

பெரிய சாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டியவர். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள நல்லா அழுத்திப் பாத்தாளா?" என்றார். "பாத்தா சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மாடசாமி அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க வைவா அன்னைக்கும் தண்ணி ஜாஸ்தியா வந்திருந்தா அப்பமே முடிஞ்சிருக்கும் மேடம். அன்னைக்குன்னு பாத்து அருவி பூவா விழுந்துச்சி" என்றார். கொஞ்சம் யோசித்து, "வெரல்ல பலம் பத்தாதுன்னு சொன்னதுதான் மனசுல நிக்கி" என்றும் சொன்னார்.

ஓய்வு பெறுவதற்குள் பழைய கட்டுரைகளுக்குத் திருத்தம் எழுதி அனுப்புவதென்று முடிவு செய்தேன். சிலர் என்னைப் பாராட்டினார்கள், அதிகம் பேர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். திருத்தத்துக்குப் புதிய ஸ்லைடு வேண்டும். நானே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வேர்நுனியை வைத்து, கவர்ஸ்லிப் மூடி, கட்டைவிரலை வைத்தேன். அத்தனை வருடப் பழக்கம், விரல் தானாக இறங்கியது. வேலைக்குச் சேர்ந்த கையோடு இனிப்புக் கொடுக்க வந்திருந்த ஷமீமா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா மேம்."

மெதுவாக அழுத்தினேன். உங்களில் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வைவாவைப் பங்குனியில் வையுங்கள், அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, வருகிறவர் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் விடை வரும்வரை ஸ்லைடை அழுத்தாதீர்கள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணினேன். ஐம்பத்தெட்டு. பழக்கத்தில் பென்சிலைத் தேடினேன். அண்ணாச்சி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அதை வாங்கி எழுதினேன்.